மடிக்கணினி திடீரென்று நின்றுபோவது ஏன்?

பத்தாம் வகுப்பு மாணவி, இனயம்

முன்னுரை

'வயர்லெஸ்' என்றால் எங்கள் இனயத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். நடுக்கடலில் ஒரு படகில் இருப்பவர் இன்னொரு படகில் இருப்பவரோடு பேசும் கருவி அது. 2017ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தைத் தாக்கியபோது, தொலைதூரத்தில் மீன்பிடித்துக் கொண்டிருந்த பல படகுகளுக்குக் கரையின் எச்சரிக்கை எட்டவில்லை. அப்பொழுது நம் கடற்கரை ஊர்கள் அழுத அழுகையை யாரும் மறக்கவில்லை. கம்பியில்லாமல் செய்தி செல்வது எவ்வளவு பெரிய நன்மை என்பதை நமக்குப் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதே வயர்லெஸ் இன்று சிறிய அட்டை வடிவில் நம் வீட்டு மடிக்கணினிக்குள்ளும் இருக்கிறது. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கியபின், கணினியையே பார்த்திராத பல வீடுகளுக்கு அது வந்து சேர்ந்தது. வைத்திருப்போர் பலர், அது பழுதானால் என்ன செய்வது என்று அறிந்தோர் சிலர். எங்கள் வீட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு, வயர்லெஸ் அட்டையால் மடிக்கணினி நின்றுபோவது எப்படி, அதைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதை எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் நடந்தது

என் அக்கா பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் பொறியியல் கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தாள். பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வு 2018ஆம் ஆண்டு முதல் இணையவழியில் நடைபெறுகிறது. எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்று நாமே வரிசைப்படுத்திப் பதிவு செய்யவேண்டும். அதற்குக் கொடுக்கப்படுவது சில நாட்களே. வரிசை தவறினால் வேண்டாத இடம் கிடைக்கும். பதியாமல் விட்டால் அந்தச் சுற்றில் இடமே இல்லை.

மாமா வளைகுடா நாட்டிலிருந்து கொண்டுவந்த மடிக்கணினியில் அக்கா பதிவு செய்ய உட்கார்ந்தாள். பத்துக் கல்லூரிகள் சேர்த்திருப்பாள். திடீரென்று திரை முழுவதும் நீலமாயிற்று. சோகமுகம் ஒன்றும் சில ஆங்கில வரிகளும் தோன்றின. கணினி தானே அணைந்து தானே மீண்டும் எழுந்தது. அக்கா சேமிக்காமல் வைத்திருந்த வரிசை போய்விட்டது. மறுபடியும் தொடங்கினாள், மறுபடியும் நீலத்திரை. அன்று இரவுக்குள் நான்கு முறை இவ்வாறு ஆயிற்று. மறுநாள் மாலையோடு பதிவு முடிகிறது!

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். "உப்புக்காற்று பட்டுத் துருப்பிடித்திருக்கும்" என்றார் அம்மா. "வைரஸ் ஏறியிருக்கும்" என்றான் தம்பி. அடுத்த வீட்டு மாமா வந்து பார்த்து, "மதர்போர்டு போயிருக்கும், வேறே வாங்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்காவோ என்னைப் பார்த்து, "நீ ஏதாவது பண்ணினியா?" என்றாள். "நான் தொடவே இல்லை" என்று சொல்லிவிட்டேன். இந்த விடையைப் பற்றிப் பின்னர் கூறுவேன்.

அக்கா எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடப்போகிறேன் என்றாள். அன்று கடல் சீறிக் கிடந்ததால் அப்பா வள்ளம் இறக்காமல் வீட்டில் இருந்தார். அவருக்குக் கணினி இயக்கத் தெரியாது. ஆனால் அவர் சொன்னார்: "கடல்ல எஞ்சின் நின்னா நாங்க எஞ்சினைத் தூக்கிக் கடல்ல போடுவோமா? மண்ணெண்ணெய் வருதான்னு பார்ப்போம். வந்தா, பிளக்கைக் கழற்றிப் பார்ப்போம். ஒண்ணு ஒண்ணாப் பாருங்க மக்களே. எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாத்தினா எது கேடுன்னு கடைசி வரைக்கும் தெரியாது."

பழுது பார்க்கும் கலை முழுவதும் இந்த ஒரு பேச்சில் அடங்கியிருக்கிறது என்பதை அன்று நான் உணரவில்லை.

வயர்லெஸ் அட்டையும் அதன் இயக்கியும்

இனி, அட்டை வேலை செய்யும் விதத்தைச் சிறிது பார்ப்போம். கம்பியில்லாச் செய்திக்கு நம் நாட்டிலேயே ஒரு முன்னோடி உண்டு. ஜகதீஷ் சந்திர போஸ் 1895ஆம் ஆண்டு கல்கத்தாவில், சுவர்களைத் தாண்டிச் சென்ற மின்காந்த அலைகளால் மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். அவர் நீளம் மிகக் குறைந்த, மில்லிமீட்டர் கணக்கிலான அலைகளையும் ஆராய்ந்தவர். இன்று நாம் 'வைஃபை' என்று அழைப்பதற்கான முதல் விதிமுறை 1997ஆம் ஆண்டு வெளிவந்தது. அதில் பெரிதும் பயன்படும் அலை நொடிக்கு 240 கோடி முறைக்குமேல் அதிர்வது. அதன் நீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர்.

பல மடிக்கணினிகளில் இந்த அட்டை 22 மில்லிமீட்டர் அகலமும் 30 மில்லிமீட்டர் நீளமும் உடையது. ஒரு தபால்தலை அளவு எனலாம். அதிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் திரையின் ஓரமாக மேலேறும். அவற்றின் முனைகளில் அலைவாங்கிகள் இருக்கும்.

அட்டை மட்டும் இருந்தால் போதாது. அதனிடம் வேலை வாங்க ஒரு நிரல் வேண்டும். அதற்கு 'டிரைவர்', அதாவது இயக்கி என்று பெயர். விண்டோஸ் தமிழ் பேசுகிறது, அட்டை மலையாளம் பேசுகிறது என்று வைத்துக்கொண்டால், நடுவில் நின்று இரண்டையும் மாற்றிச் சொல்லுபவரே இயக்கி. அவர் தவறாகச் சொன்னால் இருவர் மேலும் குற்றமில்லை. ஆனாலும் காரியம் கெட்டுவிடும்.

சிறு அட்டைக்காக முழுக் கணினியும் நிற்பானேன்?

இக்கேள்வி எனக்கும் எழுந்தது. படம் வரையும் நிரலோ பாட்டுக் கேட்கும் நிரலோ தவறு செய்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும், மற்றவை ஓடும். இயக்கி அவ்வாறன்று. அது இயங்குதளத்தின் மையப் பகுதியான 'கெர்னல்' என்னும் இடத்துக்குள் இருந்து வேலை செய்கிறது. அங்கே கணினியின் நினைவகம் முழுவதும் அதன் கைக்கு எட்டும். வள்ளத்தில் இருக்கும் வலை கிழிந்தால் மீன் மட்டும் போகும்; அடிப்பலகை பிளந்தால் வள்ளமே போகும் அல்லவா? இயக்கி அடிப்பலகையைப் போன்றது.

தொடக்கூடாத நினைவக இடத்தை இயக்கி தொட்டுவிட்டால், இனி எதை நம்புவது என்று இயங்குதளத்துக்குத் தெரியாது. அப்படியே தொடர்ந்து ஓடினால் நம் கோப்புகளில் பிழையான செய்திகள் எழுதப்படலாம். ஆகையால் அது உடனே எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறது. நீலத்திரை நோயன்று, நோய் இருப்பதை அறிவிக்கும் காய்ச்சல் என்பதே சரி. 2025ஆம் ஆண்டு முதல் விண்டோஸ் 11இல் இத்திரை கறுப்பு நிறத்துக்கு மாற்றப்பட்டு வருகிறது, பொருள் ஒன்றுதான்.

ஓர் இயக்கியின் பிழை எவ்வளவு தூரம் செல்லும் என்பதை 2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் உலகமே கண்டது. கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு புதுப்பிப்பால் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு நின்றன. மருத்துவமனைகளும் வங்கிகளும் தடுமாறின. நம் நாட்டு விமான நிலையங்களில் விமானம் ஏறுவதற்கான 'போர்டிங் பாஸ்' சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அது வயர்லெஸ் அட்டையின் இயக்கியன்று. ஆயினும் கெர்னலுக்குள் இருந்த ஒரு நிரலின் தவறுதான். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்று நம் முன்னோர் சும்மாவா சொன்னார்கள்?

ஒன்று ஒன்றாகப் பார்த்தோம்

முதலில் முக்கியமான படங்களையும் சான்றிதழ் நகல்களையும் ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்தோம். எந்தப் பழுதைப் பார்க்கத் தொடங்குமுன்னும் செய்யவேண்டியது இதுவே.

இரண்டாவதாக, ஒரு நோட்டில் எழுதினோம். எத்தனை மணிக்கு நின்றது, அப்பொழுது என்ன செய்து கொண்டிருந்தோம் என்று குறித்தபோது ஓர் உண்மை புலப்பட்டது. நான்கு முறையும் இணையம் ஓடிக்கொண்டிருந்தது. முந்திய நாள் அக்கா இரண்டு மணி நேரம் இணையமில்லாமல் தட்டச்சு செய்திருக்கிறாள்; அப்பொழுது நிற்கவில்லை.

மூன்றாவதாக, அடுத்த நீலத்திரை வந்ததும் அக்கா அதைக் கைப்பேசியில் படம் எடுத்தாள். திரையின் அடியில் 'ஸ்டாப் கோடு' என்று ஒரு வரி இருந்தது: டிரைவர் ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல். இயக்கி ஒன்று தகாத நேரத்தில் தகாத நினைவக இடத்தைத் தொட்டது என்பது இதன் கருத்து. அதன் கீழே பழுதான கோப்பின் பெயரும் இருந்தது. அது வயர்லெஸ் அட்டையின் இயக்கியுடையது. ஆனால் அங்கே பெயர் வந்துவிட்டதாலேயே குற்றவாளி அதுதான் என்று முடிவு கட்டக்கூடாது. ஒருவர் செய்த தவறால் இன்னொருவர் மாட்டிக்கொள்வதும் உண்டு. எனவே மேலும் சோதித்தோம்.

நான்காவதாக, மறுநாள் காலையில் 'ஏரோபிளேன் மோடு' என்பதை அழுத்தி வயர்லெஸை மட்டும் அணைத்துவிட்டுக் கணினியை ஓடவிட்டோம். இரண்டு மணி நேரம் ஒரு தடங்கலும் இல்லை. சூடோ மதர்போர்டோ காரணமாக இருந்தால் அதற்குள் நின்றிருக்கவேண்டும்.

ஐந்தாவது சோதனையே எங்களைக் காப்பாற்றியது. 'டிவைஸ் மேனேஜர்' என்ற பகுதியில் வயர்லெஸ் அட்டையை 'டிசேபிள்' செய்துவிட்டு, அப்பாவின் கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் கணினியோடு இணைத்து, கைப்பேசியில் 'யூஎஸ்பி டெதரிங்' என்பதை இயக்கினோம். இப்பொழுது இணையம் உண்டு; வயர்லெஸ் அட்டைக்கு வேலை இல்லை. அக்கா நடுங்கும் விரல்களோடு மீண்டும் கல்லூரிகளை வரிசைப்படுத்தினாள். ஐந்து கல்லூரிக்கு ஒருமுறை சேமித்தாள். பகல் 12 மணிக்குள் பதிவு முடிந்தது. ஒருமுறைகூட நிற்கவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து வந்து எட்டிப்பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

இச்சோதனையால் இரண்டு நன்மைகள். அவசர வேலை முடிந்தது. பழுது இணையத்திலும் இல்லை, இணையத்தளத்திலும் இல்லை. அட்டையிலோ அதன் இயக்கியிலோதான் இருக்கிறது என்பதும் உறுதியாயிற்று.

அட்டையா? இயக்கியா?

அவசரம் தீர்ந்தாலும் பழுது தீரவில்லை. எங்கள் கணினி ஆசிரியையான சிஸ்டரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர்கள் மூன்று வேலைகள் தந்தார்கள்.

முதலாவது, வீட்டு வைஃபையை விட்டுக் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டோடு இணைத்துப் பார்ப்பது. அப்பொழுதும் நீலத்திரை வந்தது. ஆகவே வீட்டிலுள்ள ரவுட்டர் மேல் குற்றமில்லை.

இரண்டாவது, 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' என்னும் சோதனையால் நினைவகத்தைப் பார்ப்பது. அதில் பிழை எதுவும் காட்டவில்லை.

மூன்றாவது, சிஸ்டர் கொடுத்த பென்டிரைவிலிருந்து லினக்ஸ் என்னும் வேறோர் இயங்குதளத்தை ஓட்டிப் பார்ப்பது. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் இந்திய மொழிகளுக்கென உருவாக்கிய 'பாஸ்' என்பதும் லினக்ஸ் வகையைச் சேர்ந்ததே. பென்டிரைவிலிருந்து ஓட்டும்போது கணினியில் உள்ள எதுவும் அழியாது. லினக்ஸுக்கு இயக்கி வேறு. ஆனால் அட்டை அதே அட்டை. இரண்டு மணி நேரம் வைஃபையில் ஓடியும் கணினி நிற்கவில்லை. அட்டை நன்றாகவே இருக்கிறது! விண்டோஸில் இருந்த இயக்கியே குற்றவாளி என்று தெரிந்தது. அம்மா சொன்ன உப்பும், தம்பி சொன்ன வைரஸும், அடுத்த வீட்டு மாமா சொன்ன மதர்போர்டும் காரணமல்ல.

விசாரணை என் வாசலுக்கு வந்தது

நன்றாக ஓடிய இயக்கி திடீரென்று கெட்டது எப்படி? விண்டோஸில் 'ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' என்று ஒரு பக்கம் உண்டு. நாள்வாரியாகக் கணினியில் எது புதிதாக ஏறியது, எது பழுதாயிற்று என்று நாட்குறிப்பைப்போல் அதில் பதிந்திருக்கும். அக்கா அதைத் திறந்தாள். சிவப்புப் பெருக்கல் குறிகள் தொடங்கிய நாளுக்கு முந்திய நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு நிரல் ஏறியிருந்தது. 'உங்கள் கணினியின் இயக்கிகளை இலவசமாகப் புதுப்பித்துத் தருவோம்' என்னும் நிரல் அது. அன்று எல்லாரும் ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்தார்கள். வீட்டில் இருந்தவள் நான் ஒருத்திதான்.

கணினி வேகமாக ஓடும் என்று ஒரு விளம்பரத்தில் கண்டு, நான்தான் அந்தப் பொத்தானை அழுத்தினேன். அது எங்கள் அட்டைக்குப் பொருந்தாத ஓர் இயக்கியைப் பழையதன் இடத்தில் வைத்துவிட்டது. கெடுக்கவேண்டும் என்று செய்யவில்லை. ஆனால் அக்கா கேட்டபோது "தொடவே இல்லை" என்று சொன்னது பொய். எல்லாரும் உப்புக்காற்றைக் குறை கூறியபோது உள்ளுக்குள் எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

"நான்தான் அக்கா" என்றேன். அவள் திட்டவில்லை. சிறிது நேரம் சும்மா இருந்துவிட்டு, "நீ இதை அன்னைக்கே சொல்லியிருந்தா ராத்திரி நான் உறங்கியிருப்பேனே" என்றாள். திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறைத்திராது. அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நான் முதலிலேயே வாய் திறந்திருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை அது.

பழுதை நீக்கிய முறை

நீக்கியது எளிது. முதலில் அந்த இலவச நிரலை அகற்றினோம். பிறகு டிவைஸ் மேனேஜரில் 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' என்பதை விரித்து, வயர்லெஸ் அட்டையின் பெயர்மேல் வலப்பொத்தானை அழுத்தி, 'பிராப்பர்ட்டீஸ்' சென்று, 'டிரைவர்' என்ற தாளில் 'ரோல் பேக் டிரைவர்' என்பதை அழுத்தினோம். பழைய இயக்கி திரும்பி வந்தது. இந்தப் பொத்தான் மங்கலாக இருந்தால் பழைய இயக்கி சேமிக்கப்படவில்லை என்று பொருள். அப்பொழுது கணினியைச் செய்த நிறுவனத்தின் இணையத்தளத்திலிருந்து, நம் கணினியின் மாடல் எண்ணுக்கு உரிய இயக்கியைத் தரவிறக்கி நிறுவவேண்டும்.

சில கணினிகள் மூடித் திறக்கும்போது மட்டும் நின்றுபோகும். ஸ்டாப் கோட்டில் 'டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெயிலியர்' என்று வரும். மின்சாரத்தை மிச்சப்படுத்த உறங்கவைத்த கருவியை இயக்கியால் சரியாக எழுப்ப முடியவில்லை என்பது அதன் கருத்து. அட்டையின் பிராப்பர்ட்டீஸில் 'பவர் மேனேஜ்மென்ட்' என்ற தாள் இருந்தால், மின்சிக்கனத்துக்காகக் கருவியை அணைக்க அனுமதிக்கும் குறியை எடுத்துவிட்டுப் பார்க்கலாம்.

லினக்ஸிலும் கணினி நின்றுபோனால் அட்டையே பழுதாகியிருக்கலாம்; அல்லது தன் இடத்தில் தளர்ந்திருக்கலாம். உப்பு ஈரத்தை இழுக்கும். ஈரமான உப்பு மின்சாரத்தைக் கடத்தும். செம்பைப் பச்சைபூக்கச் செய்யும். ஆகவே கடலோர வீடுகளில் அம்மா கூறியதும் நடக்கக்கூடியதே. அவ்வாறானால் பழுது பார்ப்பவரிடம் கொடுத்து, பாட்டரியின் இணைப்பை நீக்கியபின் அட்டையைக் கழற்றிப் பார்க்கச் சொல்லலாம். பல மாடல்களில் அட்டையை மட்டும் மாற்ற இயலும். யூஎஸ்பியில் செருகும் சிறு வயர்லெஸ் கருவியையும் பயன்படுத்தலாம். முழுக் கணினியையும் தூக்கி எறிய வேண்டியதில்லை.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. பழுது என்று தெரிந்ததும் கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்து வையுங்கள்.
2. எப்பொழுது, எதைச் செய்யும்போது நின்றது என்று நோட்டில் எழுதுங்கள்; திரையைப் படம் எடுங்கள்.
3. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்.
4. வயர்லெஸை அணைத்தால் நிற்காமல் ஓடுகிறதா என்று பாருங்கள். அவசரமானால் யூஎஸ்பி கம்பி வழியாக இணையம் பெறுங்கள்.
5. இயக்கிகளைப் புதுப்பிப்பதாகச் சொல்லும் இலவச நிரல்களை நம்பாதீர்கள்.
6. மடிக்கணினியைக் கடலைப் பார்த்த சன்னலோரம் வைக்காதீர்கள். வேலை முடிந்ததும் பையில் வையுங்கள்.

முடிவுரை

நோய் எது, அதற்கு மூலம் எது என்று கண்டபிறகே மருந்து என்பது திருவள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் காட்டிய நெறி. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் பெரியோர் வாக்கு. கணினிக்கும் அதுவே விதி; கடலில் நின்றுபோன எஞ்சினுக்கும் அதுவே விதி. ஆனால் விசாரிப்பவருக்கு வேண்டிய முதற்கருவி பென்டிரைவோ திருப்புளியோ அன்று. "கடைசியாக யார் தொட்டது?" என்ற கேள்விக்கு வீட்டிலுள்ளோர் சொல்லும் உண்மையான விடையே அது.

அக்கா இப்பொழுது தான் விரும்பிய பாடத்தில் பொறியியல் முதலாண்டு படிக்கிறாள். அதே மடிக்கணினிதான், பழைய இயக்கியோடு இன்றும் நிற்காமல் ஓடுகிறது. விடுமுறைக்கு வரும்போது அதை மேசைமேல் திறந்து வைத்துவிட்டே கடைக்குப் போகிறாள். நானும் ஏதாவது புதிதாக ஏற்ற வேண்டுமானால் அவளைக் கேட்டுவிட்டே ஏற்றுகிறேன்.